போதகரின் இடது கன்னம்

என் பெரியப்பா சனிக்கிழமை கடைக்கு வரமாட்டார், மற்ற நாட்களில் சவரம் செய்யமாட்டார். "அப்புறம் என்னத்துக்குய்யா கடை, ஈ ஓட்டவா?" என்று ஒரு லாரி டிரைவர் வாசலில் நின்று கேட்டார். தெருவே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெரியப்பா. இன்னொருவர், அதே கடையின் உள்நாற்காலியில் யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருந்த என் அப்பா.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து போட்ட சலூன் அது. இரண்டே நாற்காலி. ஜன்னலோரத்து நாற்காலி பெரியப்பாவுடையது. வெளிச்சம் வேண்டிய வேலையெல்லாம் அங்கேதான் நடக்கும்: சவரம், மீசை ஒதுக்குவது, இரண்டு கிருதாவையும் ஒரே மட்டத்தில் நிறுத்துவது. உள்நாற்காலி அப்பாவுக்கு, முடி வெட்ட. பெரியப்பாவின் கைக்கு அப்பா உட்பட யாரும் போட்டிக்குப் போனதில்லை. கத்தி கன்னத்தில் இறங்குவது தெரியாது. இறங்கிப் போன இடம் குளிர்ந்திருப்பதை வைத்துத்தான் தெரியும். அந்த நாற்காலியில் குறட்டை விட்டவர்கள் உண்டு. கல்யாண மாப்பிள்ளைகள் முகூர்த்த நேரத்தைவிட அவருடைய நேரத்தைத்தான் முதலில் கேட்டு வைப்பார்கள்.

நாங்கள் முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பெரியப்பா நடுவயதில் போய்ச் சேர்ந்தது வேறு இடம். டயர் கடைக்கு மேலே, மாடியில் கூடுகிற ஒரு சிறிய சபை. இயேசு வந்தது மோசேயின் சட்டத்தை ரத்து செய்ய அல்ல, ஆகவே விசுவாசி அதை இன்றைக்கும் ஒன்றுவிடாமல் கைக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய போதனை. பலிகள் மட்டும் சிலுவையோடு முடிந்தன. மற்றதெல்லாம் அப்படியே நிற்கிறது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும்வரை ஓய்வுநாள், கையால் ஒரு வேலையும் செய்யக்கூடாது. பன்றியும் இறாலும் வாயில் படக்கூடாது. ஆண்கள் தாடியின் ஓரத்தைத் தொடக்கூடாது.

கடைசிச் சட்டம் ஒரு வக்கீலையோ வாத்தியாரையோ ஒன்றும் செய்யாது. வளர்ந்தால் வளர்ந்துவிட்டுப் போகிறது. பெரியப்பாவின் பிழைப்பே அந்த ஓரத்தில்தான் இருந்தது.

போதகரிடம் நேரே போய்க் கேட்டார். "என் தாடியை நான் தொடமாட்டேன் ஐயா. வெளியாளுங்க தாடியைத் தொடலாமா? அவங்க இந்தச் சட்டத்துக்கு உட்படாதவங்கதானே?"

போதகர் தன் தாடியை நீவிக்கொண்டே யோசித்தாராம். நெஞ்சைத் தொடும் தாடி அது. "நீங்க பாவம் பண்ணலை பிரதர். அடுத்தவன் பண்றதுக்குக் கத்தி தீட்டிக் கொடுக்கறீங்க. அவ்வளவுதான்."

பெரியப்பா கடைக்கு வந்து, தன் சவரக்கத்தியைத் துடைத்து, துணியில் சுற்றி, பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அன்றிலிருந்து கத்தரிக்கோல் வேலை மட்டும். அதிலும் கிருதாவைத் தொடமாட்டார். தலை முழுக்க ஒழுங்காக வெட்டி, காதோரம் மட்டும் இரண்டு பூனைவால்களைத் தொங்கவிட்டு அனுப்புவார். அப்பா அவர்களை வாசலில் மறித்து, உள்நாற்காலியில் உட்காரவைத்து, மிச்சத்தை எடுத்துவிடுவார்.

"அண்ணே, இயேசு வந்து சட்டத்தையெல்லாம் முடிச்சு வச்சிட்டார்னு நம்ம சர்ச்சுல சொல்றாங்களே?" என்றார் அப்பா ஒரு நாள்.

"திருடக்கூடாதுங்கறது முடிஞ்சுதா?"

"அது எப்படி முடியும்?"

"அதே புஸ்தகத்துலதான்டா இதுவும் இருக்கு. பிடிச்சதைப் பொறுக்கிக்கிட்டுப் பிடிக்காததைத் தள்ளிவிட இது என்ன காய்கறிக்கடையா?"

"கிருபைன்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணே."

"கிருபையைக் கையில பிடிக்க முடியுமா? சட்டத்தைப் பிடிக்கலாம். கத்தி மாதிரி. பிடி எது, கூர் எதுன்னு தெரியும்."

பதில் வாடிக்கைக்காரர்கள் சொன்னார்கள், வராமல் இருந்து. ஜன்னலோரத்து நாற்காலியில் மடித்த துண்டுகளை அடுக்கி வைக்கத் தொடங்கினோம். கொஞ்ச நாளில் பெரியப்பாவே விலகிக்கொண்டார். "உன் கஞ்சியிலயும் நான் மண்ணை அள்ளிப் போட வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பெரிய ஹோட்டலில், தரைக்குக் கீழே இருக்கிற சலவைப் பிரிவில் இஸ்திரி போடும் வேலை கிடைத்தது. சனிக்கிழமை விடுப்புக்காக ஞாயிறும் பண்டிகை நாளும் அவரே பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். நல்ல நாளில் எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன் முறை. நன்றாகப் பேசுவான், நாலு பேர் முன்னால் கூச்சப்படமாட்டான். அதனாலேயே அவனைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கும். அதே ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுத்தபோது அவனை எடுத்தார்கள். முகம் மழுங்கச் சவரம் செய்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி.

"வேற வேலை பாரு" என்றார் பெரியப்பா.

"நீங்க பார்த்த மாதிரியாப்பா?"

பெரியம்மா அடுப்படியிலிருந்து, "ஒரு வீட்டுக்கு ஒரு தியாகி போதும்" என்றாராம். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் அண்ணன் அந்தப் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பெரியப்பாவின் கத்தியை எடுத்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் தன் தாடியை எடுத்துவிட்டான். அந்தச் சனிக்கிழமை அப்படியே சபைக்கும் போனான். ஒளிய அவனுக்குத் தெரியாது.

அந்தச் சபையில் ஒருவரை விலக்குவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கை தூக்கித் தீர்மானிப்பார்கள். முதல் கை, விலக்கப்படுபவரின் மிக நெருங்கிய உறவினுடைய கையாக இருக்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் கல்லெறியச் சொல்லும் இடத்தில் முதல் கை யாருடையது என்று எழுதியிருக்கிறதோ, அதிலிருந்து எடுத்துக்கொண்டதாம். கல்லை விட்டுவிட்டார்கள், கையை வைத்துக்கொண்டார்கள்.

போதகர் கேட்டார். கூடம் முழுக்கப் பெரியப்பாவையே பார்த்தது. பெரியம்மா மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா கையைத் தூக்கினார். அதற்குப் பிறகு எல்லாக் கையும் எழுந்தது. அண்ணன் யாரையும் திட்டவில்லை. பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு படியிறங்கிப் போனான்.

விலக்கப்பட்டவனோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, பேசக்கூடாது. அண்ணன் வெளியே அறை எடுத்துக்கொண்டான். ஆனால் இருவருக்கும் வேலை ஒரே கட்டடத்தில்தான். மகன் தரைத்தளத்தில் விருந்தாளிகளுக்குச் சாவி கொடுப்பான். பெரியப்பா கீழே விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவார். வரவேற்பு ஆட்களின் கோட்டுகளும் அவருடைய மேசைக்குத்தான் வரும். கழுத்துப்பட்டியின் உள்ளே பெயர் தைத்திருக்கும். அண்ணனுடைய கோட்டு வந்தால் பெரியப்பா இஸ்திரிப்பெட்டியின் சூட்டைக் குறைத்து, மேலே ஈரத்துணி போட்டு, காலரில் ஆரம்பித்து மெல்ல மெல்ல இறக்குவாராம். கூட வேலை பார்த்தவர் பெரியம்மாவிடம் சொன்னது இது. "மாப்பிள்ளைக்கு ஷேவ் பண்ற மாதிரி பண்றாருக்கா. ஆனா மேல போய்ப் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறாரு."

அண்ணன் அதே ஹோட்டலின் இன்னொரு கிளைக்கு, வேறு நாட்டுக்கு, மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். பெரியம்மாவோடு மட்டும் பேசுவான். பெரியப்பாவைப் பற்றிக் கேட்டதில்லை.

வருடங்கள் ஓடின. பிறகு ஒரு சனிக்கிழமை, டயர் கடை மாடியில் ஒரு திரையைக் கட்டி, இது போன்ற சபைகளுக்கெல்லாம் தலைமையான சபையின் தலைவர் பேசியதைப் போட்டுக் காட்டினார்கள். தலைவர் முகத்தில் ஒரு முடி இல்லை. பின்வரிசையில் யாரோ, "இது யாரு, தலைவரோட தம்பியா?" என்றார்களாம். தலைவரேதான். நீண்ட ஜெபத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பிறகு தேவன் தங்களுக்கு அதிக வெளிச்சத்தைத் தந்திருக்கிறார் என்றார் அவர். விசுவாசி இனி மோசேயின் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவன் அல்ல, கிருபைக்குக் கீழ்ப்பட்டவன். ஓய்வுநாள், உணவு, தாடி எல்லாம் நிழல்கள்; நிஜம் வந்தபின் நிழல் எதற்கு? பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். சிலர் அழுதார்கள். ஒரு குடும்பம் அன்று மத்தியானமே இறால் வாங்கிப் போனது.

பெரியப்பா அழவுமில்லை, எழவுமில்லை. நேராக எங்கள் கடைக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டார்.

"டேய், சட்டம் இல்லையாம்."

"என்னண்ணே?"

"எடுத்துட்டாங்களாம். அப்போ இந்தக் கை?" வலது கையைத் தூக்கிக் காட்டினார், அன்றைக்குத் தூக்கிய மாதிரியே. "சட்டம் தூக்கச் சொல்லுச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். சட்டம் இல்லைன்னா தூக்கினது நான்தானே?"

அப்பா ஏதோ சமாதானம் சொல்லப் போனார். பெரியப்பா கேட்க நிற்கவில்லை.

அடுத்த வாரம் போதகரே பெரியப்பாவின் வீட்டுக்கு வந்தார். விடுதலைக் கூட்டம் ஒன்று வைக்கப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஓய்வுநாள் பிறக்கிற அதே வேளையில், சபை முன்னிலையில் போதகர் தன் தாடியை எடுத்துக்கொள்ளப் போகிறார். "யாரு கையால எடுக்கணும்னு யோசிச்சப்போ கர்த்தர் உங்க முகத்தைக் காட்டினார் பிரதர். உங்க தொழிலை உங்களுக்கே திருப்பிக் கொடுக்கறார், பாருங்க!"

"ரொம்ப சீக்கிரம் கொடுத்துட்டாரு" என்றார் பெரியம்மா.

பெரியப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அன்றைக்கு எல்லார் முன்னாலும் மகனுக்கு போன் போட்டுத் தர வேண்டும். உன்னை விலக்கியது தப்பு என்று போதகர் தன் வாயால் அவனிடம் சொல்ல வேண்டும். தான் கூப்பிட்டால் அவன் எடுக்கமாட்டான். சபை சொன்னால் ஒருவேளை திரும்பி வருவான்.

"பார்க்கலாம் பிரதர். கர்த்தர் வழிநடத்துவார்" என்றார் போதகர். பெரியப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படியும் எடுத்துக்கொள்ள அவரால் முடிந்திருக்காது.

பெரியம்மா துணைக்குக் கூப்பிட்டதால் அந்த வெள்ளிக்கிழமை நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் எங்கள் கடை ஜன்னலோரத்து நாற்காலி. இரவலாகக் கேட்டார்கள், அப்பா கொடுத்துவிட்டிருந்தார். பாட்டும் ஜெபமும் சாட்சியும் முடிய நேரமாகிவிட்டது. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக வந்து சுவரில் விழுந்தது. போதகர் சட்டையில் சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். பெரியப்பா துணி போர்த்தினார், கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்தார், பிரஷ்ஷை நனைத்து நுரை ஏற்றினார். பிஸ்கட் டப்பாவிலிருந்து கத்தியை எடுத்தார். இத்தனை காலத்தில் அந்தக் கை ஒன்றையும் மறந்திருக்கவில்லை. வலது கிருதாவில் வைத்து ஒரே இழுப்பில் தாடைவரை வந்தது. பக்கத்திலிருந்த ஒரு பெண், "பூ மாதிரி எடுக்கறாரே" என்றார்.

வலது கன்னம் முடிந்தது. பெரியப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டே, "ஐயா, போன்" என்றார். மைக் அதைக் கூடம் முழுக்கச் சொன்னது.

"அப்புறம் பேசிக்கலாம் பிரதர்."

"இப்பவே ஐயா. என் வீட்டுக்காரி நம்பரை எடுத்து வச்சிருக்கா."

போதகர் நுரையோடு புன்னகைத்தார். "தாராளமா வரட்டும் பிரதர். கதவு திறந்திருக்கு. வந்து தப்பை ஒப்புக்கிட்டா நாம மன்னிச்சு ஏத்துக்குவோம்."

"அவனை மன்னிக்கறதா? எதுக்கு?"

"பிரதர், சட்டம் மாறிடுச்சு. கீழ்ப்படியாமை மாறலையே? அன்னிக்கு இருந்த வெளிச்சத்துக்கு அவன் கீழ்ப்படியலை. நாம கீழ்ப்படிஞ்சோம். நீங்க முதல் கையைத் தூக்கினீங்க. நீங்களும் தப்பு பண்ணலை, சபையும் தப்பு பண்ணலை."

கூடம் நிம்மதியாக, "ஆமென்" என்றது.

பெரியப்பா கத்தியோடு நின்றார். போதகரின் கழுத்து அங்கே வெள்ளையாக நிமிர்ந்திருந்தது. ஆனால் பெரியப்பா கழுத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். சுவரிலிருந்த வெயில் போய்விட்டிருந்தது. கத்தியை மடக்கினார், துணியில் சுற்றினார், டப்பாவில் வைத்து மூடினார்.

"பிரதர்?"

"பொழுது சாய்ஞ்சிடுச்சு ஐயா. ஓய்வுநாள். நான் வேலை செய்யக்கூடாது."

"அதெல்லாம் இப்போ இல்லையே!"

"இன்னைக்கு எனக்குக் கிடைச்ச வெளிச்சம் இவ்வளவுதான்."

இறங்கி நடந்தார். மேடையில் போதகர் எழுந்து நின்றார். வலது பக்கம் ஒரு புது மனிதர், இடது பக்கம் பழைய ஏற்பாடு. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரியம்மா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார். வேதத்தில் ஒரு கதை வரும்: தாவீது அனுப்பிய தூதர்களின் பாதித் தாடியை ஓர் அரசன் சிரைத்துத் துரத்திவிட, வளரும்வரை எரிகோவிலேயே தங்கியிருங்கள் என்று தாவீது சொல்லியனுப்புவார். பெரியம்மா மேடையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்: "வளர்ற வரைக்கும் எரிகோவுல இருங்க ஐயா!" கதை தெரிந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அங்கே எல்லாருக்கும் கதை தெரியும்.

போதகர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போனது பக்கத்தில் திறந்திருந்த ஒரே சலூனுக்கு. "மைக்கைக்கூடக் கழட்டாம வந்து உட்கார்ந்தாருடா" என்று அப்பா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "காதோரம் தொடலாமா, வேதத்துல எப்படின்னு கேட்டேன். சீக்கிரம் எடுய்யாங்கறாரு."

மறுநாள் சனிக்கிழமை. நாற்காலியைத் திருப்பிக் கொண்டுவந்து ஜன்னலோரத்தில் போட்டிருந்தோம். விளக்கு போட்ட பிறகு, ஓய்வுநாள் முடிந்த பிறகு, பெரியப்பா வந்தார், பெரியம்மாவோடு. வருடக்கணக்கில் தாண்டாத வாசலைத் தாண்டி உள்ளே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எடுத்துடுடா."

"அண்ணே, நேத்துதான்..."

"நேத்து அவங்களுக்காக. இது என் பையனுக்காக. எடு."

அப்பா துணி போர்த்தினார். தாடியைக் குறைக்கும்போதே உள்ளிருந்து ஒரு முகம் வரத் தொடங்கியது. மோவாயில் அதே குழி, அதே மெல்லிய தாடை. அண்ணன் வந்து உட்கார்ந்திருப்பது போலிருந்தது, நரைத்து. பெரியம்மா கண்ணாடியைப் பார்க்காமல் போனை எடுத்து, வீடியோவில் மகனைக் கூப்பிட்டார். அவன் எடுத்ததும் கைபேசியைப் பெரியப்பாவின் பக்கம் திருப்பினார்.

அண்ணன் கோட்டு போட்டிருந்தான். பெரியப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"என்னப்பா, தாடியை எடுக்க அவங்க விட்டுட்டாங்களா?"

பெரியப்பா வாயைத் திறந்தார். என் அப்பா குறுக்கே புகுந்து, "டேய், நேத்து உங்கப்பா போதகரைப் பாதி முகத்தோட..." என்று ஆரம்பித்தார்.

"அம்மா காலையிலேயே சொன்னாங்க சித்தப்பா." அண்ணன் கோபமாகப் பேசவில்லை. வரவேற்பு மேசையில் பேசுகிற குரலிலேயே பேசினான். "சட்டம் இருந்தப்போ சட்டத்துக்காக என்னை விட்டீங்க. சட்டம் போனதும் எனக்காகத் தாடியை விடறீங்க. நடுவுல ஒரு நாள், ஒரே ஒரு நாள், அது இருக்கும்போதே எனக்காக மீறியிருந்தா..." நிறுத்தினான். "நல்லாத்தான் இருக்கு முகம். எனக்கு டியூட்டி ஆரம்பிச்சிடுச்சு."

திரை இருண்டது. பெரியம்மா கைபேசியைப் பைக்குள் வைத்து, பையை மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அப்பா பெரியப்பாவின் முகத்தில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்தார். தோளிலிருந்த துணியை எடுக்கப் போனபோது பெரியப்பா தடுத்தார்.

"படிகாரம் போடு."

"எங்கேயும் வெட்டலையேண்ணே. ஒரு கீறல் இல்லை."

"எரியுதுடா. போடு."

அப்பா கல்லைத் தண்ணீரில் நனைத்து, காயமில்லாத கன்னத்தில், வலது பக்கத்திலிருந்து இடது பக்கம்வரை, மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.